எது மேலே, எது அடியில்

ஒரு லிட்டர் பாமாயில் பாக்கெட்டைத் தராசில் வைத்தால் ஒரு கிலோ காட்டாது. உறையின் மேலேயே பெரும்பாலும் 910 கிராம் என்று சேர்த்து அச்சிட்டிருப்பார்கள். அதே உறையில் தண்ணீரை நிரப்பினால் ஏறக்குறைய 1,000 கிராம் இருக்கும். பால் என்றால் 1,030, தேன் என்றால் 1,400, மண்ணெண்ணெய் என்றால் 800 கிராமோடு நின்றுவிடும். பிடிக்கிற இடம் ஒன்றுதான், எடைதான் வேறு. இவ்வளவு இடத்தில் இவ்வளவு எடை என்னும் இந்தக் கணக்குக்குப் பெயர் அடர்த்தி. பாடநூல் 'எடை' என்பதை அடித்துவிட்டு 'நிறை' என்று திருத்தும். கடைத்தெருக் கணக்குக்கு எடை போதும்.

இந்தக் கணக்கில் தண்ணீர்தான் முழக்கோல். 4 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால், மற்றத் திரவம் எதுவானாலும் அது தண்ணீரைப்போல எத்தனை மடங்கு என்று சொன்னால் போதும். அதை ஒப்படர்த்தி என்பார்கள். வீட்டிலிருக்கும் புட்டிகளை அந்த வரிசையில் அடுக்கினால், கீழ்க்கோடியில் வண்டிக்குப் போடும் பெட்ரோல் 0.72 முதல் 0.775 வரை. அதற்கு மேல் மண்ணெண்ணெய் 0.8 அளவில், டீசல் அதற்குச் சற்று மேல். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் 0.91க்கும் 0.92க்கும் இடையில் நெருக்கியடித்து நிற்கும். விளக்கெண்ணெய் மட்டும் சற்றுத் தள்ளி 0.96. தண்ணீரைத் தாண்டினால் வினிகர் 1.01, பால் 1.03, பாத்திரம் கழுவும் திரவம் அதை ஒட்டி, கிளிசரின் 1.26, தேன் 1.4. பழைய காய்ச்சல்மானியில் இருந்த பாதரசம் 13.6. அதற்கும் தேனுக்கும் நடுவில் நிற்க அடுக்களையில் வேறொன்றும் இல்லை.

இந்த எண்களைச் சரிபார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரை முதலில் காலியாகவும், பிறகு விளிம்பு வரை தண்ணீர் ஊற்றியும், நன்றாகத் துடைத்து உலர்த்தியபின் விளிம்பு வரை எண்ணெய் ஊற்றியும் சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்தினால் போதும். டம்ளரின் எடையைக் கழித்துவிட்டு, எண்ணெயின் எடையைத் தண்ணீரின் எடையால் வகுத்தால் வருவதுதான் எண்ணெயின் ஒப்படர்த்தி. செக்கெண்ணெய் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு நேரடியாகக் காசு. சில கடைகளில் எண்ணெயை லிட்டரில் விற்கிறார்கள், சில கடைகளில் கிலோவில். ஒரு கிலோ நல்லெண்ணெய் ஏறக்குறைய 1.09 லிட்டர். லிட்டர் 400 ரூபாய் என்று ஒரு கடையும் கிலோ 420 என்று இன்னொரு கடையும் விலை சொன்னால், இரண்டாவதுதான் மலிவு.

கெட்டியாக இருப்பது வேறு, கனமாக இருப்பது வேறு. பேச்சுவழக்கில் இரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழம்புகின்றன. விளக்கெண்ணெய் கரண்டியிலிருந்து விழ மனமில்லாமல் நூலாக இறங்கும், தண்ணீர் ஓடிவிடும். ஆனாலும் விளக்கெண்ணெயைத் தண்ணீரில் விட்டால் மிதக்கிறது. மெதுவாக ஓடுவதற்குக் காரணம் பாகுநிலை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நகர மறுக்கிற குணம் அது. அடர்த்திக்கும் அதற்கும் நேர்த்தொடர்பு கிடையாது. தேனில் இரண்டு குணமும் சேர்ந்திருப்பதால்தான் ஏமாற்றுகிறவர்களுக்கு வசதி. தண்ணீரில் விட்டதும் கரையாமல் அடியில் போய்ப் படுத்தால் அசல் தேன் என்று வீடுவீடாகச் சொல்லி விற்கிறார்கள். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும், வெல்லப் பாகும் அப்படியேதான் அடியில் போய்ப் படுக்கும். அந்தச் சோதனையில் தெரிவது அது தண்ணீரைவிடக் கனமான, கெட்டியான இனிப்பு என்பது மட்டுமே.

ஒரு கண்ணாடி டம்ளரில் தேன், அதன்மேல் பாத்திரம் கழுவும் திரவம், பிறகு நீலம் கலந்த தண்ணீர், பிறகு நல்லெண்ணெய் என்று கரண்டியின் பின்புறம் வழியாகச் சன்னமாக ஊற்றிக்கொண்டே வந்தால் பட்டை பட்டையாக நிற்கும். பள்ளிக் கண்காட்சிகளில் வழக்கமாகப் பார்க்கக் கிடைப்பது இது. எண்ணெய்க்கு மேல் தண்ணீர்போல் ஓடும் சானிடைசரை ஊற்றினால் அதுவும் தனியாக நிற்கும், ஏனென்றால் அதிலிருக்கும் ஆல்கஹாலின் தயவில் அதன் அடர்த்தி எண்ணெயைவிடக் குறைவு. ஆனால் இந்த அடுக்குகளில் எல்லாம் ஒரே ரகமல்ல. எண்ணெயும் தண்ணீரும் கலக்க மறுப்பவை, எவ்வளவு குலுக்கினாலும் திரும்பப் பிரிந்துவிடும். தேனும் தண்ணீரும் கலக்கக்கூடியவை, அவசரப்படாததால் பிரிந்து நிற்கின்றன. ஒரு கலக்குக் கலக்கினால் தேன் போனது போனதுதான். எண்ணெய்மேல் மண்ணெண்ணெயை ஊற்றினாலும் இதே கதை. எடையில் வேறுபட்டாலும் இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். எது மேலே என்பதை அடர்த்தி சொல்லும், பிரிந்தே இருக்குமா என்பதைச் சொல்லாது.

வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதற்கும் காரணம் இந்த வரிசைதான். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போகும். போன இடத்தில் சூடு 200 டிகிரிக்கும் மேல். அங்கேயே ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் விரிந்து, மேலே எரிந்துகொண்டிருக்கும் எண்ணெயைத் தூக்கி எறியும். மூடி போட்டுக் காற்றை அடைப்பதுதான் வழி. எரிவாயு சிலிண்டரிலும் இதே கணக்குக்கு இரண்டு முகம் உண்டு. 14.2 கிலோ சிலிண்டருக்குள் வாயு அழுத்தத்தால் திரவமாக இருக்கும்போது, அதன் அடர்த்தி தண்ணீரில் பாதிக்குச் சற்று மேல். வெளியே கசிந்து வாயுவானதும் அது காற்றைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். அதனால் கூரைக்குப் போகாமல் தரையோடு ஊர்ந்து மூலையில் தேங்கும். நாற்றம் வந்தால் ஜன்னலோடு நில்லாமல் கதவையும் தரைவரை திறந்துவிடச் சொல்வது அதனால்தான்.

சூடேறினால் திரவம் விரியும், அதே எடைக்கு இடம் கூடும், அடர்த்தி குறையும். இதைவைத்து ஒரு வியாபாரத் தந்திரமே நடந்தது. சமையல் எண்ணெய் நிறுவனங்கள் சில, உறையில் அளவைப் போடும்போது 60 டிகிரி வெப்பத்தில் இத்தனை மி.லி. என்று குறிப்பிட்டு வந்தன. 60 டிகிரியில் எண்ணெய் விரிந்திருக்கும் என்பதால், குறைந்த எடை எண்ணெயே ஒரு லிட்டர் ஆகிவிடும். 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைப் போடாமல் அளவோடு எடையையும் அச்சிட வேண்டும் என்று அறிவுறுத்தியது. அது காட்டிய உதாரணத்தில், ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் ஏறக்குறைய 919 கிராம், 60 டிகிரியில் 893 கிராம். வித்தியாசம் 26 கிராம். ஒரு வீட்டுக்கு அது ஒன்றுமில்லை, ஆலைக்கு லாரி லாரியாகச் சேரும்.

பெட்ரோல் பங்க்கில் இந்தக் கணக்கு சட்டமாகவே இருக்கிறது. டெலிவரி இயந்திரத்திலோ அருகிலிருக்கும் பலகையிலோ அன்றைய 'டென்சிட்டி' எழுதியிருக்கும். சந்தேகம் வந்தால் 500 மி.லி. ஜாடி, திரவமானி, வெப்பமானி மூன்றையும் கேட்டு வாங்கி அங்கேயே அளந்து பார்க்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. அளந்த எண்ணை அட்டவணை பார்த்து 15 டிகிரிக்கு மாற்றி, பதிவேட்டிலுள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகினால் கலப்படமா என்று ஆராய வேண்டிய நிலை. மண்ணெண்ணெய் பெட்ரோலைவிடக் கனம் என்பதால், கலந்தால் எண் ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

பெரும்பாலான திரவங்கள் உறைந்தால் சுருங்கும், கட்டி அடியில் போகும். தண்ணீர்தான் முரண்பாடு, அதன் பனிக்கட்டி மிதக்கும். தேங்காய் எண்ணெயோ நாலுபேர் போகிற வழியில் போவது. மார்கழி விடியற்காலையில் சென்னையில்கூட அது உறைந்துபோகிறது. வெயிலில் வைத்து உருக்கும்போது கவனித்தால், உருகாத வெள்ளைக் கட்டி அடியில் கிடக்க, உருகிய எண்ணெய் மேலே நிற்கும்.

வீட்டுத் திரவங்களில் அடர்த்தி அதிகம் சோதித்துப் பார்க்கப்படுவது பாலில்தான். கூட்டுறவுச் சங்கத்துப் பால் சேகரிப்பு மையத்தில் பாலில் நிற்கும் பால்மானி 28 காட்டினால் அடர்த்தி 1.028 என்று பொருள். 1.030 உள்ள பாலில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்த்தால் 1.027க்கு இறங்கிவிடும். ஆனால் இந்தச் சோதனைக்கு ஓட்டையும் அதே இடத்தில் இருக்கிறது. பாலின் கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. ஆடையை எடுத்துவிட்டால் மீதிப் பாலின் அடர்த்தி ஏறும். ஏறியதைத் தண்ணீர் ஊற்றி இறக்கிவிட்டால் பால்மானி பழைய எண்ணையே காட்டும். இரண்டு களவு சேர்ந்து ஒரு நாணயமான எண்ணைத் தருகிறது. அதனால்தான் கொழுப்பு எத்தனை, கொழுப்பு போக மற்றத் திடப்பொருள் எத்தனை என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து விலை போடுகிறார்கள்.

பாலின் கொழுப்பு மேலே வர எவ்வளவு நேரமாகும் என்பது அடர்த்தி வித்தியாசத்தோடு கொழுப்புத் துளியின் பருமனையும் பொறுத்தது. துளியின் விட்டம் பாதியானால், மேலேறும் வேகம் நாலில் ஒரு பங்காகிவிடும். ஆலையில் அழுத்தத்தால் துளிகளைப் பொடிப்பொடியாக்கிய பாக்கெட் பாலில், கொழுப்பு லேசாக இருந்தும் மேலே வர முடியாமல் மாட்டிக்கொள்கிறது. துளி சிறுத்தால் மிதப்பு தோற்கும் என்னும் இதே விதி, பின்னால் சொல்லப்போகும் வடசென்னை எர்ணாவூர் எண்ணெய்க் கசிவிலும் வேறு உருவத்தில் வந்தது.

ஒரே அளவுக்கு ஒவ்வொரு தொழிலிலும் ஒரு பெயர். பால்காரருக்கு 'ரீடிங்', பங்க்கில் 'டென்சிட்டி', இன்வெர்ட்டர் மெக்கானிக்குக்கு 'கிராவிட்டி'. மெக்கானிக் ரப்பர்க் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் பேட்டரி ஆசிட்டை உறிஞ்சிப் பார்ப்பார். சார்ஜ் நிறைந்த பேட்டரியில் 1.24க்கு மேல் காட்டும். சார்ஜ் இறங்க இறங்கக் கந்தக அமிலம் தகடுகளில் போய்ச் சேர்வதால், மிஞ்சும் திரவம் தண்ணீரை நோக்கி இறங்கும். உப்பளத்தில் இதன் பெயர் 'டிகிரி'. அங்கே டிகிரி என்றால் வெயில் சூடு அல்ல. பிரெஞ்சு மருந்தாளர் அந்துவான் போமே 1768இல் வகுத்த அளவு அது. சென்னைக்கு வடக்கே எண்ணூரை அடுத்த அத்திப்பட்டு, வல்லூர் வட்டாரத்து உப்பளங்களானாலும் தூத்துக்குடியானாலும் கணக்கு ஒன்றே. கடல்நீர் 3.5 டிகிரியில் பாத்திக்குள் வரும். வெயில் குடிக்கக் குடிக்கக் கனமாகி, ஏறக்குறைய 25 டிகிரியில், அதாவது அடர்த்தி 1.21ஐ எட்டும்போது சாப்பாட்டு உப்பு படியத் தொடங்கும். 30 டிகிரியை நெருங்கவிட்டால் மக்னீசிய உப்புகளும் கூடவே இறங்கி உப்பு கசக்கும். அதற்குள் மிஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட வேண்டும்.

உழவர்களுக்குக் கருவி முட்டை. விதைநெல்லைத் தேர்வு செய்ய, தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, புது முட்டை மிதந்து அதன் தலை பழைய நாலணாக் காசு அகலத்துக்கு வெளியே தெரியும்போது நிறுத்துவார்கள். அந்த நீரில் போட்ட நெல்லில் பொக்கும் அரைவிளைச்சலும் மிதக்கும், முற்றிய மணிகள் அடியில் தங்கும். தங்கியதை உப்புப் போகக் கழுவி விதைப்பார்கள். ஒரு முட்டையைத் திரவமானியாக்கிய இந்த யோசனைக்கு எந்தக் கருவிக் கடைக்காரரும் பொறாமைப்படலாம்.

வீட்டுத் திரவங்களின் வரிசையில் கடல்நீரைச் சேர்ப்பது வேறு ஊர்களில் விசித்திரமாக இருக்கலாம். கிழக்கே விரைவுச் சாலையைத் தாண்டினால் கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயுமாக இருக்கும் எர்ணாவூரில் அது இயல்பு. கடல்நீரின் அடர்த்தி 1.025. நன்னீரோடு வித்தியாசம் நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான். அந்த இரண்டரை எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்குக் கப்பலின் பக்கவாட்டில் வரைந்திருக்கும் சுமைக்கோடு சாட்சி. பிரிட்டனில் சாமுவேல் பிளிம்சால் போராடி 1876இல் சட்டமாக்க வைத்த கோடு அது. வெப்பமண்டலக் கடலுக்கு ஒரு கோடு, நன்னீருக்கு அதற்கு மேலே ஒரு கோடு என்று தனித்தனியே இருக்கும். கடலில் 12 மீட்டர் ஆழம் அமிழ்ந்து மிதக்கும் கப்பல் ஆற்று நீருக்குள் வந்தால் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும். சரக்கு ஒரு மூட்டைகூட ஏறியிருக்காது.

எண்ணூர் முகத்துவாரத்தில் இதே இரண்டரை நீருக்குள் நீரைப் பிரிக்கிறது. மழைக்காலத்தில் கொசஸ்தலை ஆறு கொண்டுவரும் நன்னீர் மேலே நழுவிக் கடலுக்குப் போக, ஏற்றத்தின்போது உப்புநீர் ஆப்புப்போல் அடியில் நுழையும். மேலே வாயில் வைத்துப் பார்த்தால் சப்பென்றிருக்கும் நீர், ஆள் உயரத்துக்குக் கீழே உப்புக் கரிக்கும்.

தரைக்கு அடியிலும் அதே ஆட்டம்தான், வீட்டுக் குடத்தை நேராகத் தொடுவது அதுதான். கடற்கரை மணலில் பெய்த மழை கீழே இறங்கி, அங்கே ஏற்கெனவே ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கும். எவ்வளவு ஆழத்துக்கு? 41 மீட்டர் உயர நன்னீர்த் தூணும் 40 மீட்டர் உயரக் கடல்நீர்த் தூணும் எடையில் சமம். ஆகவே நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே நின்றால், கீழே 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீரைத் தள்ளிப் பிடித்திருக்கும். நெதர்லாந்தில் பாடோன் கைபன் 1888-89இலும், ஜெர்மனியில் ஹெர்ட்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியே கண்டு சொன்ன விதி இது. பனிப்பாறையைப்போல, வெளியே தெரிவது ஒன்று, அடியில் இருப்பது நாற்பது.

வரவில் நாற்பது என்றால் செலவிலும் நாற்பது. மோட்டார் போட்டு நன்னீர் மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால், அடியிலிருந்து உப்புநீர் காலப்போக்கில் 20 மீட்டர் ஏறிவிடும். எர்ணாவூருக்கு வடக்கே மீஞ்சூரில் நடந்தது இதன் பெரிய உருவம். சென்னையின் குடிநீருக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் விவசாயத்துக்குமாக அங்கிருந்த கிணற்றுத் தொகுதிகளில் நீரை இறைத்தார்கள். 1970களிலிருந்தே கடல்நீர் உள்ளே நுழைவது ஆய்வுகளில் பதிவாகி வந்தது. பிறகு அது பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விட்டது. கடலோரக் குப்பங்களில் ஆழம் குறைந்த அடிபம்பில் குடிக்கத் தோதான தண்ணீர் வரும்போது, பக்கத்திலேயே இன்னும் ஆழமாகப் போட்ட போரில் உப்பு வருவதும் இந்த அடுக்கால்தான். ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் என்னும் உள்நாட்டு நம்பிக்கை கடற்கரையில் தலைகீழ். 2003இல் தமிழ்நாட்டில் கட்டாயமான மழைநீர் சேகரிப்பு, கடலோரத்தில் தண்ணீர் சேமிப்பதோடு உப்பை அழுத்திப் பிடிக்கிற வேலையையும் செய்கிறது. 2010இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தொடங்கியது. இத்தகைய நிலையம் திருப்பிக் கடலில் விடும் நீர், உப்பு செறிந்து கடலைவிடக் கனமாக இருப்பதால், விட்ட இடத்தில் அடியில் இறங்கப் பார்க்கும்.

எர்ணாவூரின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனதும் அடர்த்தி சம்பந்தப்பட்ட ஒரு விபத்துத்தான். 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, எரிவாயு இறக்கிவிட்டுத் திரும்பிய பி.டபிள்யூ. மேப்பிள் கப்பலும், பெட்ரோலியப் பொருள் ஏற்றிவந்த டான் காஞ்சிபுரம் கப்பலும் மோதிக்கொண்டன. கடலில் கொட்டியது கப்பல் எஞ்சினுக்கான கனரக எரிஎண்ணெய். எண்ணெய் எதுவும் கசியவில்லை என்றுதான் முதலில் தகவல் வந்தது. தெற்கு நோக்கி மிதந்துவந்த கறுப்பு, கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளுக்கு நடுவே, எர்ணாவூர் பாரதியார் நகர் கரையில் வந்து அடைந்துகொண்டது.

கனரக எரிஎண்ணெய் என்பது பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் அடிவண்டல் ரகம். அதன் அடர்த்தி 0.95க்கு மேல். பரவலாகப் புழங்கும் கப்பல் எரிஎண்ணெய்க்குச் சர்வதேசத் தரம் வைத்திருக்கும் உச்சவரம்பு 0.991. அந்த வினோத எண்ணுக்குக் காரணம் உண்டு. கப்பலில் எண்ணெயோடு கலந்த தண்ணீரைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம், இரண்டின் எடை வித்தியாசத்தை நம்பியே வேலை செய்கிறது. வழக்கமான இயந்திரத்துக்கு அதற்கு மேல் போனால் எண்ணெய் எது, தண்ணீர் எது என்று தெரியாது.

கடலில் விழுந்தபின் அந்த வித்தியாசமும் கரையத் தொடங்குகிறது. அலை அடிக்க அடிக்க, எண்ணெய் தனக்குள் பொடிப்பொடித் துளிகளாகக் கடல்நீரை இழுத்துக்கொள்ளும். எண்ணெயில் தண்ணீர்த் துளிகள் மாட்டிக்கொண்ட இந்தக் கூழ், பழுப்பேறி அல்வாப் பதத்தில் கெட்டியாகும். பாக்கெட் பாலில் கொழுப்பு மேலே வர முடியாததுபோல், இங்கே தண்ணீர் கீழே இறங்க முடிவதில்லை. கூழில் பத்துக்கு ஏழு பங்குவரை தண்ணீராக இருப்பது சாதாரணம். அதாவது ஒரு வாளி எண்ணெய் மூன்று வாளிக் கசடாகப் பெருகிவிடும். 0.97 அடர்த்தி எண்ணெய் மூன்று பங்கு, 1.025 கடல்நீர் ஏழு பங்கு என்று கலந்தால் கிடைப்பது 1.0085. கடலைவிட லேசு, ஆனால் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்குச் சற்று மேல்தான். ஆற்றில் விட்டால் அது மூழ்கியே போகும்.

இனி மணல். கடற்கரை மணற்பொடியின் அடர்த்தி 2.65. அந்தக் கூழில் நூற்றில் ஒரு பங்கு மணல் ஒட்டினாலே எடை கடல்நீரைத் தொட்டுவிடும், அதற்கு மேல் ஒட்டினால் அடியில் இறங்கும். அலை உருளும் கரையில் மணல் ஒட்டாமல் இருக்குமா? முதல் நாட்களில் மேலே மிதந்தது, பிறகு நடுநீரில் தத்தளித்தது, கடைசியில் தார் உருண்டைகளாக மணலுக்குள் புதைந்தது எல்லாம் ஒரே எண்ணெய்தான். மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டிய ஆமைகளுக்கு முதல் நிலை எமன். தரையைத் தடவி வாழும் நண்டுக்கும் சிப்பிக்கும் கடைசி நிலை.

அந்த நாட்களில் இளைஞர்களும் மாணவர்களும் மீனவர்களும் ஊழியர்களும் வரிசையாக நின்று பக்கெட்டால் கசடை அள்ளிய படங்கள் பரவின. இந்தக் காலத்தில் பக்கெட்டா என்று நாடே கேட்டது. கேள்வி நியாயம்தான். மிதவைத் தடுப்பும் எண்ணெய் வாரும் கருவியும் கடலிலேயே உடனே இறங்கியிருந்தால் கரையில் அவ்வளவு சேர்ந்திருக்காது. ஆனால் கரையை அடைந்தபின் பக்கெட் தோற்ற கருவியல்ல. கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளைக் கொண்டுவந்து பார்த்தார்கள். குழாயை ஆழமாக விட்டால் தண்ணீரை இழுத்தது, மேலாக விட்டால் கெட்டிக் கசடில் அடைத்துக்கொண்டது. மேலே நிற்பதை மட்டும் பார்த்து, பாறை இடுக்கில் கைவிட்டு வழிக்க, ஆள் பிடித்த பக்கெட்டால் முடிந்தது. அள்ளியதில் பெரும்பகுதி தண்ணீர் என்பது, அள்ளியவர்களின் தோளுக்கு முன்பே தெரிந்திருக்கும். எண்ணெயைப் பொடித் துளிகளாக்கிக் கடலுக்குள் கரைத்துவிடும் மருந்துகளும் உண்டு. துளி சிறுத்தால் மேலே வராது என்னும் பால் விதியை வேண்டுமென்றே பயன்படுத்துவது அது. கூழாகிக் கெட்டிப்பட்ட எண்ணெயில் அது சரியாக ஏறாது. ஆழமில்லாத கரையோரத்திலோ, கண்ணுக்கு மறைந்த எண்ணெய் மீனுக்குள் போய்ச் சேரும்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையோடு வந்த எண்ணெய் வேறு திசை. இம்முறை கடலிலிருந்து கரைக்கு வரவில்லை, மணலித் தொழிற்பகுதிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு இறங்கியது. 2017இல் எண்ணெய்க்குக் கீழே கடல்நீர், இப்போது மழைநீர். நன்னீரில் மிதப்பு வித்தியாசம் இன்னும் குறைவு. ஆனாலும் மிதந்தது, வெள்ளம் புகுந்த வீடுகளுக்குள்ளும் மிதந்தே போனது. வெள்ளநீரின் மேற்பரப்பு எங்கெங்கே நின்றதோ அங்கெல்லாம் சுவரில் எண்ணெய் ஒரு கோடு போட்டது. நீர் வடிய வடிய ஒவ்வொரு படியாக இறங்கி, பாயிலும் அரிசி டிரம்மிலும் துணியிலும் படிந்து, கடைசியில் தரையில் ஒட்டிக்கொண்டது. சாதாரண வெள்ளம் சேற்றை அடியில் விட்டுவிட்டுப் போகும். எண்ணெய் கலந்த வெள்ளம் தலைமட்டத்திலிருந்து பாதம்வரை பூசிவிட்டுப் போகிறது. முகத்துவாரத்தின் அலையாத்தி மரங்களிலும் ஏற்றமட்டத்துக்கும் வற்றமட்டத்துக்கும் நடுவே கறுப்புப் பட்டை விழுந்தது.

எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்கள் அந்த மாதம் எண்ணூரில் காணப்பட்டன. நீர்ப்பறவை மிதப்பது இறகுகளுக்கிடையே அடைத்துவைத்திருக்கும் காற்றால்தான். பறவையின் மொத்த அடர்த்தியைத் தண்ணீருக்கு வெகுவாகக் கீழே வைத்திருப்பது அந்தக் காற்று. எண்ணெய் இறகுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்ததும் காற்று வெளியேறித் தண்ணீர் உள்ளே போகும். பறவை நனைந்து, கனத்து, குளிரில் விறைத்து, அமிழத் தொடங்கும்.

முகத்துவார நீரில் மணலைவிட நுண்ணிய வண்டல் மிதந்துகொண்டே இருக்கும். எண்ணெய்த் துளிகளில் அது ஒட்டி, அவற்றை அடிக்கு இழுத்துவிடுகிறது. மேலே மிதந்தது கண்ணுக்குத் தெரிந்ததால் அள்ளப்பட்டது. அடியில் படிந்தது சேற்றோடு சேறாகிவிடும். முழங்கால் ஆழத்தில் குனிந்து கையாலேயே துழாவி இறால் பிடிப்பவர்கள் அந்த முகத்துவாரத்தில் இருக்கிறார்கள். அடியில் படிந்த எண்ணெய் முதலில் தட்டுப்படுவது அவர்களின் விரல்களில்தான்.